விடியப்புற வானும் மூன்று கார் சீற்றுகளும்

நித்திரையில் கிடக்கிற குழந்தையை எழுப்பாமல் அதன் காலில் சப்பாத்து மாட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் என் தொழில் சரிவரும்.

ஸ்காபரோவில் ஏழு பேர் இருக்கக்கூடிய ஒரு வான் வைத்திருக்கிறேன். அதில் எப்போதும் மூன்று கார் சீற் பூட்டியிருக்கும். கைக்குழந்தைக்கு ஒன்று, நடக்கிற பிள்ளைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒன்று. காலை ஆறு, ஆறரை, ஏழு மணி விமானங்களுக்குப் போகிற, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை வீட்டு வாசலில் ஏற்றி விமான நிலைய வாசலில் இறக்குவது என் வேலை. பெயர் மெரீனா. ஆனால் ரெலிபோனில் எல்லாருக்கும் நான் 'வான் அக்கா'தான்.

பிள்ளைகளோடு அந்த நேரத்தில் ஒரு தடவையாவது பயணம் போனவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பால் போத்தல், தோளில் எச்சில் வடிக்கிற தலை, காலைக் கட்டிக்கொண்டு "நான் வரமாட்டன்" என்று கத்துகிற இன்னொன்று. ஆறு மணிக்கு விமானம் விடலாம் என்று முதலில் யோசித்த மனிதர் யாரோ தெரியாது. அவர் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக்கூடக் காற்சட்டை போட்டுவிட்டிருக்க மாட்டார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

இந்த ஆறு வருடத்தில் என் வானில் ஏறிய ஒரு குடும்பமும் விமானத்தைத் தவறவிட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேலே இருந்தது. அந்தப் பெருமையோடுதான் இந்தக் கோடையில் நானும் என் இரண்டு பிள்ளைகளோடு கல்கரிக்கு ஒரு விடியப்புற விமானம் எடுத்தேன். என் தங்கச்சி ஜெசிந்தா ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு ஞானஸ்நானம். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கோயிலில் நான் ஞானத்தாயாக நிற்கவேண்டும். "நீங்கள் கையில வைச்சிருந்தால்தான் அக்கா அவளின்ர தலையில தண்ணி ஊத்த விடுவன்" என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல், அதுவரைக்கும் நான் யார் யாரை என்னென்ன சொல்லி ஏசியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

நாலாவது பிள்ளை

மார்க்கம் றோட்டில் ஒரு அப்பார்ட்மென்ற். ரெலிபோனில் மூன்று பிள்ளைகள் என்றார்கள். போய் நின்றால் நாலு. மூன்றையும் சீற்றில் பூட்டிவிட்டு நிமிர்கிறேன், தகப்பன் நாலாவதைத் தூக்கிக்கொண்டு முன்சீற்றில் ஏறுகிறார். "இவர் மடியில இருப்பார் அக்கா, ஒரு கரைச்சலும் இல்லை" என்கிறார். அந்த 'இவருக்கு' ஒன்றரை வயது. 401 நெடுஞ்சாலையில் பெரிய லொறிகளுக்கு நடுவில், மணிக்கு நூறு கிலோமீற்றரில், அவர் மடியில் இருப்பாராம்.

நான் என்ஜினை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு ஏறிவிட்டது. ஊரில் ஒரு மோட்டச்சைக்கிளில் ஐந்து பேர் போனதையும், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாததையும் எனக்கு வகுப்பெடுத்தார். மனைவி பின்னாலிருந்து மெல்லிய குரலில், "இஞ்சேருங்கோ, எங்கட காரில ஒரு சீற் இருக்கெல்லோ" என்றார். கேட்டீர்களா? சீற் இருக்கிறது. கீழே, நிலத்தடியில், அவர்களுடைய சொந்தக் காருக்குள் இருக்கிறது. அதைக் கழற்றிக்கொண்டு வரத்தான் ஐயாவுக்குப் பஞ்சி.

கழற்றிக்கொண்டு வரப் பதினைந்து நிமிடம் பிடித்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நான் றோட்டில் ஓடிப் பிடிக்கவில்லை. நேரத்தோடு வந்து நிற்பது இப்படியானவர்களுக்காகத்தான். விமான நிலையத்தில் இறங்கும்போது அவர் திரும்பிக் கேட்டார்:

"அக்கா, நீங்கள் வான் ஓடுறீங்களோ, இல்லாட்டில் பொலிஸ் ஸ்ரேசன் நடத்துறீங்களோ?"

முதல் நாளே வெளிக்கிட்டவர்கள்

தயாபரன், வாணி, மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். லண்டன் பயணம். விடியப்புறம் நாலு மணிக்கு நேரம் சரியில்லை என்று கலண்டர் சொல்லிவிட்டது. அதற்கும் எங்கள் ஆட்களிடம் வழி இருக்கிறது. முதல் நாள் பின்னேரம் நல்ல நேரம் பார்த்து, ஒரு பையை வீட்டை விட்டு வெளியே எடுத்து, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் பிழையில்லை. நான் வேதக்காரி என்றாலும் இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. செபமாலை சொல்லாமல் என் வீட்டிலும் ஒரு சூட்கேஸ் அசையாது.

ஆனால் அந்தப் பைக்குள் எதை வைப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? கெனடி றோட் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறப்போகும்போது வழக்கம்போலக் கேட்டேன், "பாஸ்போட் எல்லாம் இருக்கோ?" நாலு பாஸ்போட்டும் ஏழாம் மாடியில், பக்கத்து வீட்டுச் சாந்தி அன்ரியிடம், முதல் நாளே பயணம் வெளிக்கிட்டிருந்த பையில் இருந்தன. பயணத்துக்கு முக்கியமான பொருளைத்தானே நல்ல நேரத்தில் அனுப்பவேண்டும் என்று யோசித்து வைத்தார்களாம்! சாந்தி அன்ரிக்கு ரெலிபோன் அடித்தால், அவர் நாலு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். வோர்டன் றோட்டில் ஒரு கோப்பிக் கடையில் வேலை.

வானைத் திருப்பினேன். கோப்பிக் கடைக்குப் போய், வரிசையில் நின்றவர்களை எல்லாம் விலத்தி, அன்ரியின் கையால் வீட்டுத் திறப்பை வாங்கினோம். அதற்கிடையில் இரட்டையர் இருவரும் எழும்பி, கண்ணாடிக்குள் இருந்த டோனற்றைக் கண்டு, அதில் ஆளுக்கொன்று வாங்கினால்தான் வருவோம் என்று தரையில் படுத்துவிட்டார்கள். திரும்ப அப்பார்ட்மென்ற், திரும்ப எலிவேற்றர், திரும்ப 401. நான் வாழ்க்கையில் அவ்வளவு செபம் சொல்லி வான் ஓடியதில்லை. கவுண்டரில் பெட்டி வாங்குகிற நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது இறக்கினேன். வாணி என் கையைப் பிடித்து, கண் கலங்கச் சொன்னது இது:

"பாத்தீங்களோ அக்கா, நேற்று நல்ல நேரத்துக்கு வெளிக்கிட்டபடியால்தான் இண்டைக்கு ஃபிளைட் கிடைச்சது."

கொஞ்ச வந்தவர்கள்

பயணம் போகிறவர்கள் நாலு பேர், அனுப்ப வந்தவர்கள் பதினொரு பேர். விடியப்புறம் மூன்றே முக்காலுக்கு, எக்ளிங்ரனில் ஒரு வீட்டு வாசலில். பெரியம்மா, சித்தப்பா, மச்சான், மச்சாளின் தங்கை. எல்லாரும் குளிருக்கு ஜக்கற் போட்டுக்கொண்டு, ஏதோ கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் நிற்கிறார்கள். ஆளுக்கொரு 'சின்னப் பார்சல்'. ஒருவர் மிளகாய்த்தூள், ஒருவர் ஒடியல்மா. பூட்டிய சூட்கேஸைத் திரும்பத் திறந்து வாசலில் பரப்பியாயிற்று.

கைக்குழந்தை நல்ல நித்திரை. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய வரம் இல்லை. நான் அதைப் பூப்போல வாங்கிச் சீற்றில் வைக்கக் கையை நீட்டுகிறேன், பெரியம்மா இடையில் புகுந்து வாங்கிவிட்டார். அவர் கொஞ்சி, அடுத்தவருக்குக் கொடுக்க, அவர் கொஞ்சி அதற்கடுத்தவருக்குக் கொடுக்க, பிள்ளை கைமாறிக் கைமாறி இருட்டுக்குள் போய்விட்டது. சூட்கேஸ்கள் ஏறிவிட்டன. தாய் ஏறிவிட்டார், தகப்பன் ஏறிவிட்டார், மூத்தவன் ஏறிவிட்டான். எல்லாரும் கை காட்டினார்கள். நானும் வானை எடுத்தேன். தெரு முனையில் கண்ணாடியைப் பார்த்தால் குழந்தையின் சீற் வெறுமையாக இருக்கிறது. தாய் தகப்பனிடம் என்று நினைத்தாராம், தகப்பன் நான் பூட்டிவிட்டேன் என்று நினைத்தாராம். வானைப் பின்னுக்கு எடுத்து வந்து பார்க்கிறேன், சித்தப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று எங்களுக்கே கை காட்டுகிறார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தலை எண்ணுகிற பழக்கம் வந்தது. ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, விரலை நீட்டி, வாய்விட்டு எண்ணுவேன். எண்ணிக்கை சரி என்றால்தான் கதவைச் சாத்துவேன். சரி, அது பிறகு வந்த கதை. அந்தக் குழந்தையைத் திரும்ப வாங்கும்போது அது முழுக்க முழித்து, வீரிட்டுக் கத்தத் தொடங்கியிருந்தது. ஏன் நித்திரைப் பிள்ளையை எழுப்பினீர்கள் என்று நான் பெரியம்மாவில் பாய்ந்தேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை:

"என்ன பிள்ளை கதைக்கிறாய், அவன் நித்திரையா இருந்தால் நாங்கள் வந்து அனுப்பினது அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

விழித்திருக்கும் திட்டம்

படித்தவர்கள் செய்கிற பிழைதான் பெரிய பிழை. தகப்பன் கணினி வேலை, தாய் வங்கியில். நாலு வயதில் ஒரு மகன். பிள்ளையை இரவு முழுக்க நித்திரை கொள்ள விடாமல் வைத்திருந்தால் விமானத்தில் ஒரேயடியாக நித்திரை கொள்வான் என்று எங்கோ வாசித்துவிட்டார்கள். இரண்டு பேரும் மாறி மாறிக் காவலிருந்து, படம் போட்டு, பந்து எறிந்து, பிள்ளையை விடியும்வரை விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நான் போகும்போது கதவைத் திறந்தது அந்த நாலு வயதுக்காரன்தான். முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. வானில் ஏறியதிலிருந்து, லொறிகளுக்கு எத்தனை சில்லு, வானத்தில் றோட் இருக்கிறதா, எனக்கு ஏன் மீசை இல்லை என்று கேள்வி கேட்டபடி வந்தான். தாயும் தகப்பனும் ஐந்தாவது நிமிடத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை. குறட்டைச் சத்தம் இரண்டு பக்கமும். அடுத்த நாலு மணி நேரம் விமானத்துக்குள் இந்த இரண்டு நித்திரைப் பைகளும் இந்தச் சிங்கக்குட்டியை எப்படிக் கட்டி மேய்க்கப் போகின்றன என்று நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசித்த புத்தகத்தை எழுதினவரை ஒருமுறை என் வானில் ஏற்றிவிடவேண்டும். விமான நிலையம் வந்ததும் "எழும்புங்கோ!" என்று நான் ஒரு சத்தம் போட்டேன். பையன் வாயில் விரலை வைத்து என்னைத்தான் அடக்கினான்:

"ஷ்ஷ்... அன்ரி, எழுப்பாதேங்கோ. தே ஆர் சோ டயர்ட். நான் பாத்துக்கொள்ளுறன்."

ஒரு கரண்டி மருந்து

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஒரு இளம் தகப்பன், பக்கத்துச் சீற்றில் இருந்தவர், குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார், "அக்கா, இருமல் மருந்து குடுத்தால் பிள்ளை நித்திரை கொள்ளுமாம். எத்தனை கரண்டி எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எல்லோ?" பிள்ளைக்கு இருமல் இல்லை, தடிமன் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து மாதம். அழுதால் விமானத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். அந்த வெட்கத்துக்காகப் பிள்ளைக்கு மருந்தாம்.

வானை ஓரமாக நிற்பாட்டி, பிள்ளை அழுவது குற்றமில்லை, வருத்தமில்லாத பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுதான் குற்றம், மருந்துக்கு டொக்ரரைக் கேள், வான் ஓடுகிறவளைக் கேளாதே என்று நன்றாக ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் குடுக்கினம் எண்டுதான்..." என்று இழுத்தார். பின்னால் இருந்த மனைவி முன்னுக்குச் சரிந்து சொன்னார்:

"அந்தப் போத்தலை நீங்களே குடியுங்கோ, போனமுறை பிளேனுக்குள்ள பிள்ளையைவிட நீங்கள்தான் கூடக் கத்தினது."

முப்பத்தோராம் வரிசை

எங்கள் ஆட்களை மட்டும் ஏசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். சுகந்தி என்று ஒரு வாடிக்கையாளர், இரண்டரை வயது மகனோடு தனியாக வன்கூவர் போனவர். திரும்பி வந்தபோது வானில் வைத்துச் சொன்னார். விமானத்தில் தாய்க்குப் பன்னிரண்டாம் வரிசை, மகனுக்கு முப்பத்தொன்று. கவுண்டரில் கேட்டால் கொம்பியூட்டர் அப்படித்தான் கொடுத்ததாம், உள்ளே போய் யாரையாவது கேட்டு மாற்றிக்கொள்ளட்டுமாம். இரண்டரை வயதுப் பிள்ளை! அந்தக் கொம்பியூட்டரைப் பெற்றவள் யார் என்று எனக்குத் தெரியவேண்டும்.

முப்பத்தோராம் வரிசையில் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி. சீற் மாறச் சொல்லிச் சுகந்தி பணிவாகக் கேட்டார். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை சுகந்தி கெஞ்சவில்லை. மகனைச் சீற்றில் இருத்தி பெல்ற்றைப் போட்டார். டயப்பர் பையைத் தூக்கி அந்த மனிதரின் மடியில் வைத்தார். அவர் கண்ணைத் திறந்ததும் நல்ல ஆங்கிலத்தில் சொன்ன விசயத்தைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். சொல்லி முடிக்க முதல் அந்த மனிதர் பன்னிரண்டாம் வரிசைக்கு எழும்பி ஓடிவிட்டாராம்:

"ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். இண்டைக்கு அவருக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. தாங்ஸ்."

எண்ணிக்கை சரி

இனி என் கதை.

சனிக்கிழமை ஆறேகால் விமானம். வேறு விமானம் எடுத்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தெரிந்த ஒரு அண்ணை தன் வானில் எங்களைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவருடைய வானில் கார் சீற் ஒன்று லொடலொட என்று ஆடும். அதில் என் பிள்ளைகளா? நானே ஓடுவேன், நானே வானை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்து ஏறுவேன் என்று முடிவெடுத்தேன். என் மனுசன் அன்ரனுக்குப் பிறம்ரனில் ஒரு பொருள் கிடங்கில் வேலை. ஷிஃப்ற் முடிந்து இரவு ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தார். பெட்டி அடுக்கியது நான், சாப்பாடு கட்டியது நான், பிள்ளைகளை எழுப்பியது நான். ஞானத்தாய்தான் பிள்ளைக்குச் சட்டை கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் வானின் பின்பக்கக் கொளுக்கியில் தொங்கவிட்டதும் நான். செபமாலையில் ஒரு பகுதியை, ஒரு காரணிக்கம் மட்டும், சொல்லி மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம்.

மூன்று வயது மகன் டிலன் வழி நெடுக அழுதான். வாடிக்கையாளர்களுக்கு எதைச் செய்யாதேங்கோ என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்தேனோ அதையே செய்தேன். என் ரெலிபோனை அவன் கையில் கொடுத்தேன். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கி, டிலனுக்குக் கழன்ற சப்பாத்தை மாட்டி, விரலை நீட்டி எண்ணினேன். அன்ரன் ஒன்று, மகள் ரெஜினா இரண்டு, டிலன் மூன்று. சரி. "சுகமாப் போட்டு வாங்கோ" என்று சொன்னேன். அன்ரன் அரை நித்திரையில் தலையாட்டினார். கதவைச் சாத்தினேன். வாசலில் நின்ற ஆள் வானை எடு எடு என்று கை காட்டினார். நிறுத்துமிடத்துக்கு வலப்பக்கம், நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம். என் கை ஆறு வருடமாகத் திரும்பும் பக்கம் திரும்பியது.

வேலை முடிந்த நிம்மதியோடு வந்துகொண்டிருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நல்ல குடும்பம், ஒரு கரைச்சலும் தரவில்லை என்றுகூட நினைத்திருப்பேன். கெனடி றோட்டில் இறங்கும் வளைவில் பின்னால் ஏதோ வெள்ளையாக ஆடியது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு குழந்தைச் சட்டை. 'உந்தச் சனத்துக்கு ஒரு அறிவில்லை, ஆற்றையோ பிள்ளையின்ர சட்டையை விட்டிட்டுப் போயிட்டுதுகள்' என்று வாய்விட்டு ஏசினேன். ஏசி முடித்த பிறகுதான் அந்தச் சனம் யார் என்று உறைத்தது.

திருப்பினேன். நெடுஞ்சாலையில் திருத்த வேலை, இரண்டு வரிசை மூடியிருந்தது. என் ரெலிபோன் டிலனிடம். வானை விட்டுவிட்டுச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். சோதனை வரிசையில் அழுது மன்றாடி முன்னால் போனேன். வாயிலுக்குப் போகும்போது கதவு சாத்தி மூன்று நிமிடம். விமானம் கண்ணுக்கு முன்னால், கண்ணாடிக்கு அங்கால், அசையாமல் நிற்கிறது. ஒரு தாய் நிற்கிறாள், ஒரு கதவைத் திறக்க மனமில்லை. நான் போட்ட சத்தத்துக்கு அங்கு இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயிலில் நின்ற பெண் பாவம், தன் வேலையைத்தான் செய்தாள். என் மனுசன் கடைசியாகக் கூப்பிடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், பிறகு பிள்ளைகளோடு ஏறியதாகவும் சொன்னாள். ஒருவராவது கோயிலில் நிற்கவேண்டும் என்று அவர் நினைத்தது சரிதான். அதற்காகவும் அவரில் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த விமானம் பத்தே முக்காலுக்கு. எங்களைவிட இரண்டு மணித்தியாலம் பிந்திய கல்கரியில் பதினொரு மணி ஆகும்போது நான் எந்த மாகாணத்துக்கு மேலே இருந்தேனோ தெரியாது. சட்டையை மேலே வைக்கச் சொல்லிப் பணிப்பெண் இரண்டு தரம் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மடியில்தான் வைத்திருந்தேன். ஒன்பது வருடம் அவள் காத்திருந்தாள், என்னால் ஒரு காலைப்பொழுது கணக்கு வைக்க முடியவில்லை என்று நினைத்து நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் காது மாட்டியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜெசிந்தாவின் வீட்டுக்குள் நான் போகும்போது சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பதிலாக அன்ரன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், பாதர் சம்மதித்தாராம். சட்டை இல்லாததால் தாயின் வெள்ளைச் சால்வையில் சுற்றிப் பிடித்தார்களாம். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது பிள்ளை அந்தச் சட்டையில் இருந்தாள். கொஞ்சம் பெரிசு. என் கையில் கொடுத்து, "பாதர் ஊத்தின தண்ணி தலையில இன்னும் காயேல்ல, பிடியுங்கோ அக்கா" என்றாள். உண்மையில் எப்போதோ காய்ந்திருந்தது. நான் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் என் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. நான் இல்லாமல் நாலு மணித்தியாலம் விமானத்தில் என்ன பாடு படுத்தியிருப்பார்களோ என்று அன்ரனைக் கேட்டேன். ஏறினதும் இரண்டும் நித்திரை, இறங்கும்வரை ஒரு சத்தமும் இல்லை என்றார். கோப்பை நிறையச் சர்க்கரைப் புக்கையும் வாழைப்பழமும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னை ஆறுதல்படுத்துகிறாராம்:

"உம்முடைய றெக்கோட்டுக்கு ஒண்டும் நடக்கேல்ல மெரீனா, நீர் கொண்டுவந்து இறக்கின ஆக்கள் மூண்டு பேரும் நேரத்துக்கு ஃபிளைட் ஏறிட்டம்."

பிள்ளைகளோடு விடியப்புறப் பயணம் போகிற ஒவ்வொரு வீட்டிலும் எல்லாரையும் எண்ணி ஏற்றுகிற ஒருத்தி இருப்பாள், அவளையும் ஒரு தலையாக எண்ணத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் விரல் இருப்பதில்லை.